கட்டில் திரும்பும் அகலம்

அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்காதீர்கள். நகரமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது மொத்தத்தில் இவ்வளவுதான். ஆனால் இப்படி ஒரே வரியில் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையில் நாடாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். நானும் அப்படிக் கிளம்பியவள்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

போடிநாயக்கனூரில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் என் பெயர் இன்ஸ்பெக்டரம்மா. நகரமைப்பு ஆய்வாளர் என்று எத்தனை முறை சொன்னாலும் ஜனங்களுக்கு ஆய்வாளர் மட்டும்தான் காதில் விழும். நான் தெருவுக்குள் நுழைந்து வாயைத் திறப்பதற்கு முன்பே, தங்கள் வீட்டில் ஒரு தப்பும் நடக்கவில்லை என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஒரு வீட்டில், மகன் போன மாதம் பஸ்சில் போட்ட சண்டையைப் பற்றி முழு வாக்குமூலமே கொடுத்தார்கள். நான் கேட்கப் போயிருந்தது மாடிப்படியைப் பற்றி.

உங்களுக்குப் பயிற்சியில் கொடுத்திருக்கும் விதிப்புத்தகம் வெட்டவெளிக்காக எழுதப்பட்டது. முதலில் சாலை போடு, பிறகு மனை பிரி, முன்னால் இத்தனை அடி விடு, பக்கத்தில் இத்தனை அடி விடு என்று வரிசையாகப் போகும். சிலமலைப் பக்கம் வயலை மனையாக்கும் இடத்தில் அது பொருந்தும். போடியின் பழைய தெருக்களில் மனையின் அகலத்தைத் தீர்மானித்தது விதிப்புத்தகம் இல்லை, அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுதான். மூன்று பிள்ளைகள் என்றால் முப்பத்துமூன்று அடி மனை பதினோரு அடியாகும். அடுத்த தலைமுறையில் அதையும் முன்பாதி, பின்பாதி என்று குறுக்கே வெட்டுவார்கள்.

இப்படிப் பிரித்துவிட்டு யாரும் கட்டாமல் விட்டவை, மண்சுவர் கரைந்து விழுந்தவை, ஏலக்காய் மூட்டை அடுக்கிய கிட்டங்கியை இடித்துவிட்டுச் சும்மா போட்டவை என்று தெருவுக்கு நாலைந்து காலி இடங்கள் கிடக்கும். கோப்பில் நாங்கள் அவற்றை இடைமனை என்று எழுதுவோம். ஊர்க்காரர்கள் பொக்கை என்பார்கள். பல் போன இடத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது? மதுரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஊருக்குள் வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பானது. மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் பலவும் தங்கள் பங்குக்கு வந்த பொக்கையில் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று யோசிக்க ஆரம்பித்தன.

யோசிக்கலாம், விதி இடம் கொடுக்காது. பதினோரு அடி மனையில் இரண்டு பக்கமும் மூன்றடி விட்டால் வீட்டுக்கு மிஞ்சுவது ஐந்தடி. அதற்குள் ஒரு கதவைத் திறந்தால் எதிர்ச்சுவரில் போய் இடிக்கும். அதனால் வரைபடத்தில் மூன்றடி விட்டுக் காட்டுவார்கள், தரையில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டுவார்கள். நான் வந்த முதல் வருடம் அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போய், படத்தில் இருக்கும் திறந்தவெளி எங்கே என்று கேட்டேன். வீட்டுக்காரர் பதறவில்லை. நிதானமாக மேலே கையைக் காட்டி, வானம் திறந்துதானே கிடக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு நோட்டீசு கொடுப்பது சங்கடம், ஆனாலும் கொடுத்தேன்.

இப்படியே போனால் ஊர் முழுக்க நோட்டீசுதான் மிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், பழைய தெருக்களுக்கென்று தனி அளவுகளை எழுதி நகர்மன்றத்தின் முன் வைப்பதென்று முடிவானது. எழுதும் வேலை என்னிடம் வந்தது. சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டேன். கூடவே படம் வரைபவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் என் வயதுதான். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். என் பெயரில் நடந்த நல்ல காரியங்களில் பாதி அவர் சொல்லி நடந்தவை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

பக்கவாட்டு இடைவெளி வேண்டாம், ஒட்டிக் கட்டிக்கொள்ளலாம் என்று எழுதினோம். வெளிச்சத்துக்கு வீட்டின் நடுவில் ஒரு திறப்பு விட்டால் போதும் என்றோம். இரண்டு தளத்துக்கு மேல் கூடாது என்றோம். இதிலெல்லாம் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வந்தது பின்மனைகளில். தெருப்பக்கம் அண்ணன் வீடு, அதற்குப் பின்னால் தங்கையின் மனை என்று இருக்கும். பின்னால் இருப்பவர் தெருவுக்கு வர, முன்வீட்டை ஒட்டி ஓர் ஒடுக்கமான நடைவழி உண்டு. ஊரில் அதை முடுக்கு என்பார்கள். அந்த முடுக்கு குறைந்தது எத்தனை அடி அகலம் இருக்க வேண்டும்?

நாடாவை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். முடுக்கின் வாயில் நின்று அளப்பேன். அந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, போக வர இது போதுமா என்று கேட்பேன். கேட்ட இடமெல்லாம் ஒரே பதில். தாராளமாப் போகலாம். இரண்டே முக்கால் அடி முடுக்கிலும் தாராளம், மூன்றரை அடி முடுக்கிலும் தாராளம். ஓரிடத்தில் பதில் சொன்னவர் எனக்கு வழிவிடுவதற்காகச் சுவரோடு ஒட்டி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் தாராளம் என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெரும்பாலான முடுக்குகள் மூன்றடிக்குக் குறையாமல் இருந்தன. நான்கடி என்று எழுதினால் பாதிக்கு மேற்பட்ட பின்மனைகளில் யாரும் எப்போதும் வீடு கட்ட முடியாது. மூன்றடி என்று எழுதினேன். அளந்தும் பார்த்தாயிற்று, ஜனங்களைக் கேட்டும் ஆயிற்று என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மன்றக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பெயர் செல்லத்தாய். நாற்பது வயது இருக்கும். ஏலக்காயைப் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், புடவை முழுக்க அந்த வாசம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மூணடி போதும்னு எழுதுனது நீங்கதானாம்மா?"

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. பின்மனைக்காரர் போலிருக்கிறது, நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"மூணடியில நான் போயிருவேன். எங்க வீட்டுக்காரரு எப்படிப் போவாரு?"

அவருடைய கணவர் பாண்டி மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். மழையில் சரிவில் மூட்டையோடு வழுக்கி விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. கூட வேலை செய்தவர்கள் கம்பளியில் கட்டிக் கம்பில் தூக்கி ஜீப் ரோடு வரைக்கும் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து படுக்கைதான். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முதுகைத் திருகக் கூடாது, மல்லாந்தபடியே தூக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. அதனால் படுத்திருக்கும் கயிற்றுக் கட்டிலோடு நான்கு பேர் தெரு வரை தூக்கி வருவார்கள்.

அவர்கள் முடுக்கு முதலில் நேராகப் போகும். கடைசியில் பக்கத்து மனையின் பழைய கிட்டங்கிச் சுவரில் முட்டி வலது பக்கம் திரும்பும். திரும்பி நாலு எட்டு வைத்தால் செல்லத்தாயின் வாசல். அந்தத் திருப்பத்தில் இருந்தது முன்வீட்டின் பின்மூலை. முன்வீடு செல்லத்தாயின் அண்ணன் குருசாமியுடையது. பழைய மண்சுவர், மூலை மட்டும் ஒரு மழையில் இடிந்து விழுந்து கிடந்தது. கட்டில் இத்தனை நாளும் அந்த இடிந்த மூலைக்குள் புகுந்துதான் திரும்பிக்கொண்டிருந்தது. இப்போது குருசாமி அந்த வீட்டை முழுசாக இடித்துவிட்டார், புதிதாகக் கட்டப் போகிறார். என்னுடைய அளவு மன்றத்தில் நிறைவேறியதும் கட்டலாம் என்று அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டி வைத்திருந்தார். முடுக்குக்குச் சரியாக மூன்றடி விட்டிருந்தார். மூலையில் சுவர் எழும்பிவிட்டால் கட்டில் திரும்பாது. பாண்டி அந்த வீட்டை விட்டு வெளியே வர வழியில்லை.

அந்த முடுக்கை நான் போய்ப் பார்த்த ஞாபகம் எனக்கு இருந்தது. வாயில் நின்று அளந்துவிட்டு வந்தவள் நான், திருப்பம் வரைக்கும் நடந்து போகவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வராமல், நான் வந்த அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அன்னைக்குத் தாராளமாப் போகலாம்னு சொன்னதே நாந்தானம்மா. நீங்க டேப்பை நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க. பத்தாதுன்னு சொன்னா வீட்டை இடிக்கச் சொல்லிருவீகளோன்னு பயந்துட்டேன்."

அவர் போன பிறகு நெடுநேரம் வரைவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வாங்கி வந்த அத்தனை தாராளமும் பயத்தில் சொன்னது என்பது அப்போதுதான் புரிந்தது. எத்தனை முடுக்குகள் இப்படித் திரும்புகின்றன என்று எனக்குத் தெரியாது. முகம் சூடேறுகிற மாதிரி வெட்கமாக இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் செய்கிற தப்பா இது என்று கோபமாகவும் இருந்தது.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வரைவைத் திரும்பப் பெறலாம். பெற்றால் அது மறுபடி மன்றத்துக்கு வர எத்தனை காலமாகுமோ, அதுவரை பொக்கைக்காரர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டும். நான்கடியாக மாற்றலாம். அது பாதிப் பேரின் வீட்டுக் கனவில் மண்ணைப் போடுகிற வேலை. பேசாமல் விட்டுவிடலாம். அண்ணன் தங்கை விவகாரம், அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று கோப்பை மூடலாம். மூன்றாவது வழியை நான் யோசிக்கவே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

படம் வரைபவர் என் மேசைக்கு வந்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு தாளில் முடுக்கை வரைந்தார். முடுக்கைத் தொட வேண்டாம், திரும்புகிற இடத்தில் முன்வீட்டின் மூலையை மட்டும் சாய்வாக அரிந்துவிடலாம் என்றார். அதுவும் ஏழடி உயரம் வரைக்கும் அரிந்தால் போதும், மேலே அவர்கள் முழு மூலையோடு கட்டிக்கொள்ளட்டும் என்றார். எத்தனை அடி அரிய வேண்டும் என்று கேட்டேன். கணக்குப் போடலாம், ஆனால் கணக்குப் போட்டதால்தானே இந்த வம்பு என்று சிரித்தார். நாளைக்குப் போய்த் தூக்கிப் பார்த்துவிடலாம் என்றார்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனோம். குருசாமி மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுபவர், அந்த நேரத்தில்தான் இறங்கி வருவார். அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். பாண்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே அவருடைய ஜீப்பில்தான். கட்டிலைக் கொஞ்சம் சாய்த்தால் திரும்பிவிடும், இதற்குப் போய் அலுவலகம் வரை போயிருக்கிறாளே என்று தங்கை மேல் அவருக்கு வருத்தம், அவ்வளவுதான். புதுச் சுவர் வரப்போகும் மூலையில் ஒரு மூங்கில் கம்பை நட்டோம். அதிலிருந்து சுவர் போகும் இரண்டு திசையிலும் இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டினோம். தோண்டிய பள்ளத்தின் மேல் பலகை போட்டோம். குருசாமியும் அவருடைய ஜீப்பில் வேலைக்குப் போகும் மூன்று பேரும் வெறும் கட்டிலைத் தூக்கினார்கள். திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள். கட்டில் போய்விட்டது.

பார்த்தீர்களா என்பதுபோல் குருசாமி என்னைப் பார்த்தார். செல்லத்தாய் அண்ணனைப் பார்த்து, அவரை வைத்துக்கொண்டு இப்படிச் சாய்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார். மணல் மூட்டையை வைத்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். மூட்டையைச் சாய்த்தால் அதற்கு வலிக்காதே என்று இன்னொருவர் சொன்னார். பாண்டியையே தூக்கிப் பார்ப்பது என்பது பேச்சுக்கே இடமில்லாதது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

செல்லத்தாய் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். நல்லா இருக்கிற உடம்பு, இந்தக் கட்டிலில் படுக்கலாமா, எழுந்திருங்கள் என்றார். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். திறந்திருந்த வாசலுக்குள் தரையில் பாயில் கிடத்தியிருந்த பாண்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் பேசியது ஒரே ஒரு தடவை.

"பயப்படாதீங்க மேடம். எங்க மச்சான் கீழ போட மாட்டாரு."

தூக்கினார்கள். படுத்துக்கொண்டு ஒரு முடுக்கைப் பார்ப்பது வேறு விஷயம். ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்துக்கு மேலே வந்து நிற்கும், மறுபக்கம் நாங்கள் கட்டிய கயிறு கண்ணுக்கு நேராக ஓடும். நம் உடம்பு நம் கையில் இல்லை என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும். திருப்பத்தில் என் கால் பக்கம் கிட்டங்கிச் சுவரில் இடித்தது. கட்டிலின் பக்கச்சட்டம் மூங்கில் கம்பில் உராய்ந்து நின்றது. பின்னால் எடுத்தார்கள், முன்னால் தள்ளினார்கள், மறுபடி இடித்தது. கால் பக்கம் பிடித்திருந்தவர், கொஞ்சம் சாய்க்கிறோம், லேசாக ஒருக்களித்துக்கொள்ளுங்கள் என்றார். கட்டில் சாய்ந்தது. நான் ஒருக்களித்து, தலைமாட்டில் இருந்த குருசாமியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உண்மையாகவே பயந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் குருசாமியின் முகம் என் முகத்துக்கு நேர் மேலே தலைகீழாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒருக்களிக்க முடிந்தவள், பிடித்துக்கொள்ளவும் முடிந்தவள். கட்டிலை மெதுவாக இறக்கச் சொன்னார்.

"மலையில வண்டி ஒரே திருப்புல வராத வளைவுல, முன்னயும் பின்னயுமா ரெண்டு ஒடி ஒடிச்சு எடுத்துருவோம் மேடம். இதுல ஒடிக்கவே எடமில்ல."

சொல்லிவிட்டு மூங்கில் கம்பை அவரே பிடுங்கினார். மூலையிலிருந்து ஓரடி சாய்வாக விட்டுக் கயிற்றைக் கட்டினார். நான் மறுபடி படுத்தேன், தூக்கினார்கள், இடித்தது. இரண்டடி. முழங்கை சிராய்த்தது. மூன்றடி விட்டுக் கட்டியதும் கட்டில் மட்டமாக, எங்கும் படாமல் திரும்பிச் செல்லத்தாயின் வாசலில் போய் நின்றது. நான் இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டேன். குருசாமி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இது கன்னி மூலை."

தென்மேற்கு மூலை. மனை பார்க்கிறவர்கள் வீட்டில் எந்த மூலை குறைந்தாலும் அந்த மூலை குறையக் கூடாது என்பார்கள். குறைந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் என் சொந்த வீட்டைக் கட்டியபோது நானும் அந்த மூலையில் கை வைக்கவில்லை என்பதால் அவருக்குப் பகுத்தறிவு போதிக்கும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை. படம் வரைபவர்தான் பேசினார். ஏழடிக்கு மேலே மூலை முழுசாக வந்துவிடும், மேலேயிருந்து பார்த்தால் வீடு நான்கு மூலையோடுதான் இருக்கும் என்று விளக்கினார். குருசாமி நம்பினாரா என்று தெரியாது. உள்ளே பாயில் கிடந்தவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றைக்கே எழுதினேன். பின்மனைக்குச் செல்லும் வழி திரும்பும் இடத்தில், முன்மனைக் கட்டடத்தின் மூலை தரையிலிருந்து ஏழடி உயரம் வரை மூன்றடிக்கு மூன்றடி சாய்வாக விடப்பட வேண்டும். மறுநாள் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், இன்ஸ்பெக்டரம்மா கட்டிலில் ஊர்வலம் போய்க் கண்டுபிடித்த விதியா இது என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே நிறைவேறிவிட்டது. ஊரில் அதற்குக் கட்டில் விதி என்றே பெயர் ஆகிவிட்டது. அதன்படி பிறகு பல மூலைகள் அரியப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை நடந்தது, அதையெல்லாம் சொல்லப் போவதில்லை.

குருசாமி சொன்ன சொல் மாறாமல் கட்டினார். பாண்டி ஒன்றரை வருடம் அந்த மூலை வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார், பிறகு ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். நான் துக்கத்துக்குப் போயிருந்தேன். பாடை அந்தத் திருப்பத்தில் ஒரு கணம்கூட நிற்காமல் திரும்பியது. என் கண் அதைத்தான் பார்த்தது, அழுதுகொண்டு பின்னால் வந்த செல்லத்தாயைப் பார்க்கவில்லை. நம் தொழில் நம்மை இப்படியும் ஆக்கும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். பயிற்சி வகுப்பில் கைதட்டு வாங்கும் கதையாக வைத்துக்கொண்டிருப்பேன்.

பாண்டி போய் ஒரு வருடம் கழித்து, நான் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது, அண்ணனும் தங்கையும் சேர்ந்து என் மேசைக்கு வந்தார்கள். குருசாமி பாதியாக இளைத்திருந்தார். நெஞ்சுவலி வந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார். மலை வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், ஜீப்பை வேறு ஆள் ஓட்டுகிறார். வீட்டைப் பார்த்த ஒருவர் கீழே கன்னி மூலை குறைந்திருப்பதுதான் காரணம் என்று சொல்லியிருக்கிறார். மூலையை அடைத்துச் சுவர் எழுப்ப அனுமதி கேட்டு மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். மனுவை நீட்டியது குருசாமி இல்லை, செல்லத்தாய்.

சுவர் மூலைக்கும் நெஞ்சுவலிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். செல்லத்தாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். படித்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"எங்களுக்காகத்தானம்மா அந்த மூலையை வாங்கிக் குடுத்தீங்க. அவருதான் போயிட்டாரு. இப்ப நானே வந்து சொல்றேன், அடைச்சுக்கிறோம். எங்கண்ணனுக்கு ஒண்ணுன்னா நான் எப்படி அந்த வீட்டுல இருப்பேன்?"

நாளைக்கு உங்களுக்கே முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"நான் செத்தா சாய்ச்சுத் தூக்கிட்டுப் போகட்டும். எனக்குத் தெரியவா போகுது."

குருசாமி கையை நெஞ்சில் வைத்தபடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கேட்பதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது, கேட்காமல் போகப் பயமாகவும் இருந்தது. அவரை அந்த நிலையில் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இரண்டரை வருடத்துக்கு முன்னால், தன் உயிருக்கே ஆகாது என்று நம்பிய ஒன்றைத் தங்கைக்காக விட்டுக்கொடுத்த மனிதர் அவர்.

ஒரு மூலைதான். யாரும் கேட்கப் போவதில்லை. கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு நான் ஓய்வில் போயிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் உங்களில் பலர் என்னை நல்லவள் என்பீர்கள். ஆனால் கட்டில் விதியின் முதல் மூலை அது. அது அடைபட்டால் மற்ற மூலைக்காரர்கள் மறுநாளே செங்கல் இறக்குவார்கள். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் யார் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. செல்லத்தாயின் வீட்டிலேயே இனி யார் படுப்பார்கள் என்று செல்லத்தாய்க்கும் தெரியாது. ஒருவருடைய கஷ்டத்தைப் பார்த்து விதியை எழுதுகிறோம். எழுதிய பிறகு அந்த ஒருவரே வந்து வேண்டாம் என்றாலும் அதை எடுக்கும் உரிமை அவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த இரண்டு பேரையும் எதிரில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். கஷ்டமாக இருந்தது. இப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மனுவின் கீழே நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். செல்லத்தாய்க்குப் படிக்க வராது. குருசாமி கண்ணாடி கொண்டுவரவில்லை. என்னையே படித்துக் காட்டச் சொன்னார்கள். மனு ஏற்கப்படவில்லை, மூலையை அடைக்கக் கூடாது, அடைத்தால் இடிக்கப்படும் என்று நான் எழுதியதை நானே சத்தமாகப் படித்தேன். விதியையும் எடுத்து முழுசாகப் படித்தேன்.

செல்லத்தாய் கடைசி வரி வரைக்கும் கவனமாகக் கேட்டார். தாளை வாங்கி, மடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த விதியில எங்கயாச்சும் எங்க வீட்டுக்காரரு பேரு இருக்காம்மா?"

இல்லை என்றேன்.

சரி என்று தலையாட்டினார். அண்ணனைக் கைத்தாங்கலாக எழுப்பி, மெதுவாகப் படியில் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.